ரை ஐபிஏவில் மிளகு எங்கே?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழின் உணவுப் பகுதியில், அமெரிக்கச் சிறு பீர் ஆலைகள் ரை தானியத்தைச் சேர்த்துத் தயாரிக்கும் இந்தியா பேல் ஏல் பற்றிச் சுருக்கமாக எழுதியிருந்தேன். ஐபிஏ என்று எல்லோரும் அழைக்கும் பீர் வகையின் ஒரு கிளை அது. சட்டப்படி மது அருந்தும் வயதை எட்டியவர்களுக்காக எழுதிய குறிப்பு. இந்தப் பதில்களும் அவர்களுக்கே. வந்த கடிதங்களில் பல ஒரே குழப்பத்தைச் சுற்றி வந்திருப்பதால், அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு ஒரு ரை ஐபிஏ வாங்கினேன். கேனின் மேல் ‘மிளகுக் காரம், மசாலா மணம்’ என்று அச்சிட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் கிரேப்ஃப்ரூட் தோலின் கசப்பு மட்டுமே. குறை என் நாக்கிலா, கேனில் அச்சிட்டதிலா?
– ஒரு வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: உங்கள் நாக்கில் குறை இல்லை. கேனில் அச்சிட்டதை முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது, ஆனால் மிகைப்படுத்தியிருக்கிறார்கள். பெயரில் ரை முன்னால் நின்றாலும், கிளாஸில் முன்னால் நிற்பது, பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் என்ற பூதான். பீர்ப் போட்டி நடுவர்களுக்காக பிஜேசிபி அமைப்பு வெளியிட்டுள்ள வழிகாட்டி, ரை ஐபிஏவின் கசப்பை 50 முதல் 75 ஐபியு வரை என்று வகுத்திருக்கிறது. ஒரு லிட்டர் பீரில் ஹாப்ஸிலிருந்து வந்த கசப்பு அமிலம் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்பதுதான் ஏறக்குறைய அந்த எண். கடைகளில் அடுக்கடுக்காக விற்கும் சாதாரண அமெரிக்க லாகருக்கு அதே வழிகாட்டி 8 முதல் 18 வரைதான் வகுக்கிறது என்பதைப் பார்த்தால், எவ்வளவு பெரிய கசப்புக்குப் பின்னால் ரை ஒளிந்து நிற்கிறது என்பது விளங்கும். ரை ஐபிஏ என்பதால் முழுக்க ரையில் செய்தது என்றும் எண்ண வேண்டாம். தானியக் கலவையில் ரையின் பங்கு பெரும்பாலும் 10 முதல் 20 சதவீதம்; மற்றதெல்லாம் பார்லி மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி.

இனி அந்த மிளகு. மிளகின் காரம் பைப்பரின் என்ற பொருளால் வருவது. அது ரையில் கிடையாது. ஆகவே தொண்டையில் சுரீரென்று ஏதாவது ஏறும் என்று காத்திருந்தால் கடைசிச் சொட்டு வரை காத்திருக்க வேண்டியதுதான். ரையில் உண்மையாகக் கிடைப்பது சுட்ட ரொட்டியின் மேலோட்டுச் சுவையும், லேசான மண் வாசமும், விழுங்கிய பிறகு நாக்கின் பின்பகுதியில் உலர்ந்து நிற்கும் ஒரு மெல்லிய உறைப்பும்தான். இந்தக் கடைசி உணர்வுக்குத்தான் மிளகு என்று பெயரிட்டிருக்கிறார்கள். அது முதல் மடக்கில் வருவதே இல்லை. கசப்பு வடிந்த பின்புதான் தலைகாட்டும்.

ஆனால் ரையின் நம்பகமான அடையாளம் சுவையைக் காட்டிலும் வாய்க்குள் தெரியும் கனத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ரையில் அராபினோசைலான் என்ற நார்ப்பொருள் மற்றத் தானியங்களைவிட மிகுதி. அது நீரில் கரைந்து பீருக்கு ஒருவித வழுவழுப்பைத் தருகிறது. கஞ்சியின் தெளிவை வாயில் வைத்தால் தண்ணீரைவிடச் சற்று வழுக்கலாகத் தெரியுமே, அந்த அளவு வேறுபாடுதான்; அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். கேரமல் மால்ட் நிறையச் சேர்த்த ஐபிஏவும் வாயில் கனமாக இருக்கும். அந்தக் கனத்தோடு இனிப்பும் ஒட்டிக்கொண்டு வரும், விழுங்கிய பிறகும் உதட்டில் தங்கும். ரையின் கனம் அப்படிப்பட்டதல்ல. நாக்கின் மேல் தடித்து நிற்கும், விழுங்கியதும் இனிப்பேதும் மிச்சமில்லாமல் உலர்ந்துவிடும். ஒரே மடக்கில் தடிப்பும் வறட்சியும் அடுத்தடுத்து வருவதைக் கண்டுகொண்டீர்கள் என்றால் ரையைக் கண்டுகொண்டீர்கள் என்றே பொருள்.

தேடுபவரை வழிமாற்றிவிடும் பொருள்களும் இதில் உண்டு. மிளகின் மணத்துக்குக் காரணமான பொருள்களில் ஒன்றான கேரியோஃபிலீன் ஹாப்ஸிலும் இருக்கிறது. ஆகவே சில ஐபிஏக்களில் ரை ஒரு மணி கூட இல்லாமலேயே மிளகு வாசம் வரும். இன்னொரு புறம், நியூ யார்க்கின் யூதர் உணவகங்களில் கிடைக்கும் ரை ரொட்டியைச் சுவைத்துப் பழகியவர்கள், அந்த ரொட்டியில் தூவியிருக்கும் கேரவே விதையின் வாசத்தையே ரையின் வாசம் என்று நினைத்துக்கொண்டு, அதைப் பீரில் தேடி ஏமாறுகிறார்கள். பார்வைக்குச் சீரகம் போலவே இருக்கும் அந்த விதைக்கும் ரை தானியத்துக்கும் உறவு எதுவும் இல்லை.

கேள்வி: ஒயின் சுவைப்பதற்கு முறை இருப்பதுபோல இதற்கும் முறை உண்டா? எந்தக் கிளாஸ், எவ்வளவு குளிர்ச்சி, எதைக் கவனிக்க வேண்டும் என்று விளக்கமாக எழுதுங்கள். நாங்கள் தோழிகள் சிலர் சேர்ந்து முயன்று பார்க்க விரும்புகிறோம்.
– ஒரு வாசகி, பிளேனோ, டெக்சஸ்

பதில்: முறை உண்டு. அதில் முதலாவதாக வருவது அறை. சாம்பாருக்குத் தாளித்த வீட்டிலோ, ஊதுபத்தி ஏற்றிய கூடத்திலோ, தலையில் மல்லிகைச் சரத்தோடோ உட்கார்ந்தால் பீரின் மணத்தில் பாதி கிளாஸுக்கும் மூக்குக்கும் நடுவிலேயே தொலைந்துவிடும். காபி குடித்தும் காரமாகச் சாப்பிட்டும் ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். வாயைத் துடைத்துக்கொள்ள உப்பில்லாத பிஸ்கட்டும் சாதாரணத் தண்ணீரும் போதும்.

வீட்டு ஃபிரிட்ஜ் 3 அல்லது 4 டிகிரி செல்சியஸில் இருக்கும். அந்தக் குளிரில் நாக்கு மரத்துப்போகும், மணப்பொருள்கள் மேலெழும்பாது. கசப்பும் வாயுவின் குத்தலும் மட்டுமே மிஞ்சும். வெளியே எடுத்து 15 நிமிடம் கழித்து ஊற்றுங்கள். 8 டிகிரியில் தொடங்கி 12 டிகிரி வரை மெல்லச் சூடேறும்போது ரை வெளிப்படுவதை நீங்களே காணலாம். கிளாஸைப் பொறுத்தவரை, சியரா நெவாடா, டாக்ஃபிஷ் ஹெட் ஆகிய பீர் ஆலைகளோடு சேர்ந்து ஸ்பீகலாவ் நிறுவனம் 2013-இல் ஐபிஏவுக்கென்றே ஒன்றை வடிவமைத்தது. கீழ்ப்பகுதியில் வரிவரியாகப் பள்ளங்கள் கொண்டது. ஒவ்வொரு முறை சாய்க்கும்போதும் பீரைக் கலக்கி நுரையைப் புதுப்பிக்கும். அது இல்லையென்றால், வாய் குறுகிய எந்த ஒயின் கிளாஸும் சரிதான். கிளாஸ் சுத்தமாக இருப்பதுதான் அதைவிட முக்கியம். எண்ணெய்ப் பிசுக்கோ சோப்பின் மிச்சமோ இருந்தால் நுரை உடனே அமுங்கிவிடும், கிளாஸின் உட்சுவரில் குமிழிகள் கொத்தாக ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்படி நின்றால் கொட்டிவிட்டுக் கழுவி மீண்டும் தொடங்குங்கள்.

எதைக் கவனிப்பது என்பதற்கு, என் குறிப்பேட்டிலிருந்து ஒரு பதிவையே தருகிறேன். மிச்சிகனின் சிறு ஆலை ஒன்றின் ரை ஐபிஏ, ஆல்கஹால் 6.5 சதவீதம். ஊற்றியதும் செம்பு கலந்த பொன்னிறம், லேசான கலங்கல். நுரை வெள்ளையும் அல்லாத பழுப்பும் அல்லாத நிறத்தில் இரண்டு விரற்கடை உயர்ந்து, இறங்குவதற்கு நேரம் எடுத்துக்கொண்டது. ரை சேர்த்த பீரில் நுரை இப்படி நிலைத்து நிற்பது வழக்கம்தான். குடிப்பதற்கு முன் முகர்ந்தபோது ஆரஞ்சுத் தோலும் பைன் மரப் பிசினும் மட்டுமே. தானியத்தின் வாசம் ஒன்றுமே இல்லை. முதல் மடக்கு வாயைப் பழக்குவதற்கு என்பதால் அதைப் பற்றி எதுவும் எழுதவில்லை. இரண்டாவது மடக்கை நாக்கின் மேல் பரவவிட்டுச் சில நொடிகள் வைத்திருந்தபோது, கசப்பு பக்கவாட்டில் விரிய, நடுவில் அந்த வழுவழுப்பு தெரிந்தது. விழுங்கியபின் வாயை மூடி மூக்கு வழியே மூச்சை விட்டதும் ஆரஞ்சு மறுபடி வந்தது. அதன் பிறகு அடுத்த மடக்குக்குக் கை போகாமல் அரை நிமிடம் காத்திருந்ததில்தான் பலன் கிடைத்தது: பிசின் கசப்பு அடங்கி, நாக்கின் பின்புறம் வறண்டு, சற்றுக் கருகிய ரொட்டி ஓரத்தின் சுவை வந்து நின்றது. கிளாஸ் கையில் சூடேறிய பிறகு முகர்ந்தால், முன்பு இல்லாத ரொட்டி வாசம் ஆரஞ்சுக்குச் சமமாக வந்துவிட்டிருந்தது.

அந்த அரை நிமிடக் காத்திருப்பைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை. அடுத்தடுத்து மடக்கினால் கசப்பு கசப்பின் மேல் ஏறி, ரை ஐபிஏ எந்த ஐபிஏவோடும் வேறுபடாமல் போய்விடும்.

தோழிகள் சேர்ந்து செய்வதென்றால் மூன்று கிளாஸ் சோதனையைப் பரிந்துரைக்கிறேன். உணவு ஆய்வகங்களில் இன்றும் நடைமுறையில் உள்ள எளிய முறை. ஒரு ரை ஐபிஏவும், முடிந்தால் அதே ஆலையின் ரை சேர்க்காத ஐபிஏவும் வாங்குங்கள். ஒருவர் மட்டும் சமையலறையில் நின்று, இரண்டு கிளாஸில் ஒன்றையும் மூன்றாவதில் மற்றதையும் ஊற்றி, எது எதில் என்று சொல்லாமல் கொண்டுவர வேண்டும். மற்றவர்கள் வேறுபட்டு நிற்கும் கிளாஸைக் கண்டுபிடிக்க வேண்டும். நிறம் காட்டிக்கொடுக்காதபடி விளக்கொளியைக் குறைத்துக்கொள்ளுங்கள். முகர்ந்து மட்டும் கண்டுபிடிக்க முயன்றால் பலர் தோற்பார்கள். விழுங்கிக் காத்திருந்தால் சரியாகச் சொல்வார்கள்.

கேள்வி: பெயரில் ‘இந்தியா’ எப்படி வந்தது? கடல் பயணத்தில் கெடாமலிருக்க ஹாட்ஜ்சன் என்பவர் கண்டுபிடித்தது என்கிறார்களே, உண்மையா? அந்தக் காலத்திலேயே ரை சேர்த்தார்களா?
– ஒரு வாசகர், டொராண்டோ

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: சேர்க்கவில்லை. இந்தியாவுக்கு வந்தது பார்லியில் செய்த வெளிர்நிற பீர்.

ஜார்ஜ் ஹாட்ஜ்சன் உண்மையான மனிதர்தான். கிழக்கு லண்டனின் போ பகுதியில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பீர் ஆலை நடத்தியவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் நின்ற துறை அவர் ஆலைக்கு அருகிலேயே இருந்தது. கப்பல் தலைவர்களுக்கு நீண்ட தவணையில் கடனும் கொடுத்தார். கல்கத்தா, மதராஸ், பம்பாய் வெள்ளைக்காரர்களிடம் அவர் பீர் பெயர்பெற்றதற்குப் பெரிய காரணம் இந்த வசதிகள்தான். கெடாத பீரை அவர் கண்டுபிடித்தார் என்பதற்குச் சான்று இல்லை. வெப்ப நாடுகளுக்கு அனுப்பும் பீரில் ஹாப்ஸைக் கூட்ட வேண்டும் என்ற அறிவு அவருக்கு முன்பே ஆலைக்காரர்களிடம் இருந்தது. கறுத்த போர்ட்டர் பீரும் அதே கப்பல்களில் வந்து நன்றாகவே இறங்கியது. 1820களில் இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்து ஆலைக்காரர் சாமுவேல் ஆல்சாப் இந்த வணிகத்தில் நுழைந்தார். ஜிப்சம் மிகுந்த அவ்வூர்க் கிணற்று நீர் ஹாப்ஸ் கசப்பைக் கூர்மையாக எடுத்துக்காட்டியதால், ஹாட்ஜ்சன் குடும்பத்தின் ஆதிக்கம் முடிவுக்கு வந்தது. ‘ஈஸ்ட் இந்தியா பேல் ஏல்’ என்ற பெயர் 1830களுக்குள் விளம்பரங்களில் நிலைபெற்றுவிட்டது.

நாம் இன்று குடிக்கும் ஐபிஏவுக்கும் அதற்கும் உறவு தூரத்து உறவுதான். சுவையளவில் இது அமெரிக்கப் பிறப்பு. 1972-இல் ஓரிகனிலிருந்து கேஸ்கேட் என்ற ஹாப்ஸ் வகை வெளிவந்ததும், சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலை 1975-இல் அதைத் தாராளமாகப் போட்டு லிபர்ட்டி ஏல் செய்ததும் இதன் தொடக்கம். ரை அதற்கும் பின்னால் வந்த விருந்தாளி.

கேள்வி: வீட்டிலேயே பீர் தயாரிக்கும் பழக்கம் உள்ளவன். ரை மால்ட் சேர்த்து ஐபிஏ செய்ய முயன்றபோது, வெந்நீரில் ஊறவைத்த தானியக் கலவையான மாஷ் முழுவதும் பசையாகி, வடிகட்டியில் அடைத்துக்கொண்டு ஒரு சொட்டும் இறங்கவில்லை. என்ன செய்வது?
– ஒரு வாசகர், நேப்பர்வில், இல்லினாய்

பதில்: ரையோடு மல்லுக்கட்டும் எல்லோருக்கும் நேர்வதுதான் இது. பார்லியின் உமி மால்ட்டோடு ஒட்டிக்கொண்டே வருவதால், வடிக்கும்போது அதுவே சல்லடையாக அமைகிறது. ரைக்கு உமி இல்லை. அதோடு, மேலே சொன்ன அராபினோசைலானும் பீட்டா குளூக்கான் என்ற இன்னொரு நார்ப்பொருளும் சேர்ந்து சாற்றைக் கொழகொழப்பாக்கிவிடுகின்றன. வாயில் வழுவழுப்பைத் தருவதும், வடிகட்டியில் அடைப்பதும் ஒரே பொருள்தான். அதை முழுக்க ஒழித்துவிட்டால் ரை சேர்த்ததன் பயனும் போய்விடும்.

19 லிட்டர் பீருக்கு மொத்தத் தானியம் 6 கிலோ என்று வைத்துக்கொண்டால், ரை மால்ட் 1 கிலோ போதும். நெல் உமி 200 முதல் 250 கிராம் வரை, நன்றாக அலசி, மாஷில் கலந்துவிடுங்கள். நம் ஊர் அரிசி ஆலைகளில் மலையாகக் குவிந்து கிடக்கும் அதே உமியை இங்கே பீர்ப் பொருள் கடைகளில் பொட்டலம் கட்டி விற்கிறார்கள்; வாங்கும்போது சற்று வலிக்கத்தான் செய்யும். அடுத்தது, 40 முதல் 45 டிகிரி செல்சியஸில் 15, 20 நிமிடம் ஊறவிட்டுப் பிறகு 65, 66 டிகிரிக்கு ஏற்றுங்கள். அந்த முதல் ஊறலில் பீட்டா குளூக்கான் ஓரளவு சிதையும். 68, 69 டிகிரிக்குப் போனால் நொதிக்காத சர்க்கரை மிஞ்சி இனிப்பு தங்கும். ரை ஐபிஏவின் உயிரே அந்த வறண்ட முடிவில்தான் இருக்கிறது என்பதால் அது வேண்டாம். ரை மணி பார்லியைவிடச் சிறியது, கடினமானது. பார்லிக்கென்று வைத்த இடைவெளியில் அரைத்தால் முழுசாகவே வெளியே விழும். அரவை இயந்திரத்தை இறுக்கி, ரையைத் தனியாக அரைத்துக்கொள்ளுங்கள்.

ஹாப்ஸில் கட்டுப்பாடு வேண்டும். மாம்பழமும் கொய்யாவும் மணக்கும் சிட்ரா, மொசைக் வகைகளைக் கொட்டினால் ரை காணாமல் போகும். பைன், ஆரஞ்சுத் தோல், மண் வாசம் உள்ள பழைய வகைகளே ரையோடு ஒத்துப்போகும் என்பது என் அனுபவம். வேறு கருத்து உடையவர்களும் உண்டு.

அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டப்படி, வயதுவந்த ஒருவர் ஆண்டுக்கு 100 கேலன் வரையும், வயதுவந்தோர் இருவர் இருக்கும் வீட்டில் 200 கேலன் வரையும் சொந்தப் பயனுக்குத் தயாரிக்கலாம்; விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் உரிமமின்றி வீட்டில் தயாரிப்பது குற்றம். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஆர்வத்தை இங்கேயே வைத்துவிட்டுப் போகவும்.

கேள்வி: எதில் தொடங்கலாம் என்று சில பெயர்களைச் சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

பதில்: பெயர்களைச் சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ரை பீர்களைப் பருவத்துக்கு ஒரு முறை விடுவதும், சில ஆண்டுகளில் நிறுத்திவிடுவதும் ஆலைகளின் வழக்கம். ஆகவே இந்த வகையை உருவாக்கியவை என்ற முறையில் சிலவற்றைக் குறிப்பிடுகிறேன். உங்கள் கடையில் இருந்தால் வாங்கலாம்.

ஜார்ஜியா மாநிலம் ஏதென்ஸ் நகரின் டெராபின் ஆலை, 2002-இல் தன் முதல் பீராகவே ரை பேல் ஏலை வெளியிட்டு, அதே ஆண்டு கிரேட் அமெரிக்கன் பீர் ஃபெஸ்டிவலில் தங்கப் பதக்கம் பெற்றது. அது ஐபிஏ அல்ல, கசப்பு குறைந்த பேல் ஏல். புதியவர்கள் ரையை அடையாளம் காண அப்படிப்பட்ட பீரே ஏற்றது என்று நான் நினைக்கிறேன். கலிஃபோர்னியாவின் பேர் ரிபப்ளிக் செய்த ஹாப் ராட் ரை இதற்கு நேர் எதிர். 8 சதவீத ஆல்கஹாலும் முரட்டுக் கசப்பும் கொண்டது. மிச்சிகனின் ஃபவுண்டர்ஸ் செய்த ரெட்ஸ் ரை, சிவந்த நிறமும் கேரமல் மால்ட்டும் உடையது. நன்றாகச் செய்த பீர்தான், ஆனால் கேரமலின் இனிப்பும் ரையின் வறட்சியும் அதில் ஒன்றையொன்று மறைக்கின்றன. சியரா நெவாடா 2012-இல் குளிர்காலம் முடியும் பருவத்துக்கென்று விட்ட ரூத்லெஸ் ரை 6.6 சதவீதம், நான் சொன்ன தடிப்பும் வறட்சியும் அடுத்தடுத்து வருவதை அதில் தெளிவாகக் காண முடிந்தது.

எதை வாங்கினாலும் கேனின் அடியில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். ஹாப்ஸ் மணம் இரண்டு மூன்று மாதங்களிலேயே மங்கத் தொடங்கும். ஹாப்ஸ் மங்கினால் ரை மேலே வரும், ஆகவே பழையதே நல்லது என்று வாதிடுவோர் உண்டு. நான் ஏற்கவில்லை. ஹாப்ஸ் போன இடத்தில் ரை வந்து உட்காருவதில்லை. ஆக்சிஜன் பட்ட மால்ட்டின் மந்தமான இனிப்புதான் வருகிறது. இப்போது பரவலாகக் கிடைக்கும் கலங்கலான ஹேஸி ஐபிஏக்களிலும் சிலர் ரை சேர்க்கிறார்கள். ஓட்ஸும் கோதுமையும் ஏற்கெனவே தந்த தடிப்பில் ரையின் தடிப்பைப் பிரித்தறிய வழியில்லை. அதில் ரைக்கென்று கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

கேள்வி: ஜெர்மனியின் ரோகன்பியரும் இதுவும் ஒன்றா?
– ஒரு வாசகர், லண்டன்

பதில்: இல்லை. ரோகன்பியரில் தானியத்தில் பாதியோ அதற்கு மேலோ ரை இருக்கும், ஹாப்ஸ் பெயருக்குத்தான். பவேரியக் கோதுமை பீருக்குரிய ஈஸ்ட்டில் நொதிக்கவைப்பதால் கிராம்பும் வாழைப்பழமும் மணக்கும். அந்தக் கிராம்பு ஈஸ்ட்டிலிருந்து வருவதே தவிர ரையிலிருந்து அல்ல. பவேரியாவில் 1516-ஆம் ஆண்டின் ஆணை பீருக்குப் பார்லி மட்டுமே என்று விதித்ததால், ரை ரொட்டிக்கென்றே ஒதுங்கிப்போனது. 1980களின் பிற்பகுதியில்தான் அங்கே ரை பீர் மீண்டும் வணிகமாக வந்தது. பின்லாந்தின் சாஹ்தி, ரஷ்யாவின் குவாஸ் போன்ற பானங்களில் ரை இடைவிடாமல் தொடர்ந்து வந்திருக்கிறது.

கேள்வி: கடையில் வெயில் படும் அலமாரியிலிருந்து எடுத்த ரை ஐபிஏ பாட்டிலைத் திறந்ததும் ரப்பர் எரிந்தது போல ஒரு நாற்றம். மற்றொரு முறை வேறு ஒன்றில் வெண்ணெய் வாசம். இவை ரையின் குணமா?
– ஒரு வாசகி, ஆர்லாண்டோ

பதில்: இரண்டும் ரையின் குணமல்ல. முதலாவது ஒளியால் வந்த கேடு. வெயில் பட்டதும் பீரில் உள்ள ரிபோஃபிளேவின் என்ற வைட்டமின் தூண்டுகோலாக நின்று, ஹாப்ஸின் கசப்பு அமிலங்களை உடைத்து, கந்தகம் கலந்த ஒரு பொருளை உண்டாக்குகிறது. ஸ்கங்க் என்ற விலங்கு எதிரியை விரட்டப் பீய்ச்சும் திரவத்தின் நாற்றத்துக்கு மிக நெருக்கமானது அது. ஒரு லிட்டரில் ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். பழுப்புப் பாட்டில் பெருமளவு காக்கும். பச்சைப் பாட்டிலும் நிறமற்ற பாட்டிலும் காக்காது. கேனுக்கு இந்தக் கவலையே இல்லை. ஐபிஏவில் ஹாப்ஸ் அதிகம் என்பதால் ஆபத்தும் அதிகம்.

வெண்ணெய் வாசத்துக்குக் காரணம் டையசெட்டைல் என்ற பொருள். ஈஸ்ட் தன் வேலையை முடிப்பதற்குள் பீரைக் குளிரவைத்துவிட்டாலோ, கிருமி நுழைந்துவிட்டாலோ வரும். ரை ஐபிஏவில் இதைக் கவனிக்கத் தவறுவது எளிது. டையசெட்டைலும் வாயில் ஒரு வழுக்கலைத் தரும் என்பதால், அதை ரையின் வழுவழுப்பு என்று பாராட்டிக் குறிப்பு எழுதியவர்களை எனக்குத் தெரியும். விழுங்கிய பின் நாக்கு வறண்டால் ரை. நெய் பூசியது போலப் படிந்து நின்றால் டையசெட்டைல். பீரைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுப்பதில் தவறில்லை.

கேள்வி: இதோடு என்ன சாப்பிடலாம்? எனக்குக் காரம்தான் பிடிக்கும்.
– ஒரு வாசகர், சிங்கப்பூர்

பதில்: சுவைத்து ஆராய்வதற்கென்றால் வெறும் ரொட்டி. விருந்துக்கென்றால், ரை ரொட்டிக்குள் வைத்த பாஸ்ட்ராமி இறைச்சி, நன்கு முதிர்ந்த செடார் சீஸ், கரியில் வாட்டிய கோழி. மிளகாய்க் காரத்தோடு மட்டும் வேண்டாம். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹாலும் வாயுவும் கூட்டும், அந்த எரிச்சலுக்கு மேல் கசப்பு முரட்டுத்தனமாகத் தெரியும். உங்களுக்குக் காரம்தான் வேண்டும் என்றால் மிளகு போட்ட வறுவல் பொருந்தும். ரையின் மெல்லிய உறைப்பு அதில் கரைந்துபோகும் என்பதை ஏற்றுக்கொண்டு சாப்பிடுங்கள்.

கேள்வி: கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் ரை பீர் குடிக்கலாமா? ஒரு கேனில் எவ்வளவு ஆல்கஹால் சேர்கிறது?
– ஒரு வாசகி, சியாட்டில்

பதில்: குளூட்டன் என்ற தானியப் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு ரை ஆகாது, பார்லியும் ஆகாது. ஆகவே ரையை நீக்கிவிட்டால் போதும் என்றும் இல்லை. சாதாரண ஐபிஏவும் அவர்களுக்கு விலக்குத்தான்.

355 மில்லி கேனில் 6.5 சதவீத பீர் என்றால் தூய ஆல்கஹால் ஏறக்குறைய 18 கிராம். அமெரிக்காவில் ஓர் அளவு மது என்று கணக்கிடுவது 14 கிராம். அதாவது ஒரு கேன் ஒன்றேகால் அளவுக்கும் மேல். 473 மில்லி பெரிய கேன் என்றால் ஏறக்குறைய ஒன்றே முக்கால். உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தீங்கற்ற அளவு என்று எதுவும் இல்லை என்றே அறிவித்திருக்கிறது. சுவைத்துப் பார்க்க இவ்வளவு தேவையும் இல்லை. மேலே சொன்ன மூன்று கிளாஸ் சோதனைக்கு ஒரு கிளாஸுக்கு 60 மில்லி ஊற்றினால், ஒருவருக்கு 180 மில்லிதான் ஆகும். ஒவ்வொரு வகையிலும் ஒரு சிறிய கேன் வாங்கினால் இரண்டு பேருக்குப் போக மீதம் இருக்கும். ஊற்றித் தருபவரே அன்று வண்டி ஓட்டுபவராகவும் இருக்கட்டும்.